மாலை கழற்றிய மறுநாள்: புத்தாண்டு இலக்கை டிசம்பர் வரை கொண்டுசெல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர். கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாளும் சிகரெட்டைத் தொடமாட்டார். விடியற்காலை நான்கரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், பாயில் படுப்பார், செருப்பில்லாமல் நடப்பார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பெட்டிக்கடையில் நிற்பார். பத்து ஆண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது.

இவருக்கு மனஉறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்த்திகைக் குளிரில் 41 நாள் அப்படி இருந்தவர் அவர். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அந்த 41 நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தவை எவை?

கழுத்தில் கிடக்கும் மாலை, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் உடம்பில் படுகிறது. ஊரே அவரைச் ‘சாமி’ என்று கூப்பிடுகிறது. அவரே கேட்டாலும் கடைக்காரர் சிகரெட் தரமாட்டார். குளியலுக்கும் பூஜைக்கும் நேரம் குறித்தாகிவிட்டது. இருமுடி கட்டும் தேதி தெரியும். கேள்வி கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். கூடவே விரதம் இருக்கும் நாலு பேர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். இதில் எதுவுமே அவர் மனதுக்குள் மட்டும் இருப்பதில்லை. எல்லாம் வெளியே, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றன. மாலை கழற்றிய அன்று அத்தனையும் ஒரே மாலைப்பொழுதில் கழன்றுவிடுகின்றன. ரமலான் நோன்பிலும், கிறிஸ்தவர்களின் தவக்காலத்திலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

புத்தாண்டு உறுதிமொழியோ முழுக்க மனதுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது. டிசம்பர் 31 இரவு ஒரு வைராக்கியம். மறுநாள் காலை வீடும் தெருவும் நேரமும் நேற்றைப் போலவே இருக்கின்றன. ஓர் இலக்குக்கு எப்படி ‘மாலை போடுவது’, கழற்றிய பிறகும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. நான் எனக்காகச் செய்து பார்த்து, வீட்டிலும் நண்பர்களிடமும் பார்த்துத் திருத்திக்கொண்ட முறை இது.

உறுதிமொழியே வீண் என்பவர்களுக்கு

ஆண்டுதோறும் இந்தப் பேச்சு வரும்: “இதெல்லாம் ஒரு வாரக் கூத்து.” ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஸ்கிரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் நார்கிராஸும் அவரது குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டு உறுதிமொழி எடுத்தவர்களையும், அதே மாற்றத்தை விரும்பியும் உறுதிமொழி எடுக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் இலக்கில் நின்றார்கள். எடுக்காதவர்களில் 4 சதவீதம் பேர். ஆகவே ஜனவரி 1-க்கு ஒரு பலம் இருக்கத்தான் செய்கிறது. மீதிப் பாதிப்பேர் எந்த இடத்தில் விழுந்தார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

முதல் படி: போன வருடம் நின்றுபோன தேதியைக் கண்டுபிடியுங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புது நோட்டு வாங்குவதற்கு முன், பழையதைப் பாருங்கள். போன ஜனவரியில் என்ன நினைத்தீர்கள், அது எந்தத் தேதியில் நின்றது, அன்று வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? “சோம்பேறித்தனம்” என்று எழுதாதீர்கள். அது எதையும் சொல்லாத சொல். கைப்பேசியில் உள்ள புகைப்படங்களையும் வங்கிக் கணக்கின் வரவுசெலவையும் புரட்டினால் அந்த வாரம் நினைவுக்கு வந்துவிடும்.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன ஆண்டு, தினமும் ஒரு மணி நேரம் நடப்பதாக முடிவெடுத்தேன். அது ஜனவரி 11-ஆம் தேதி நின்றது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். விடியற்காலையிலேயே சாமான்களை ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், ஊரிலிருந்து வந்த உறவினர்கள். 19-ஆம் தேதி வீடு வெறிச்சோடியபோது நடை என்ற ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த வேறொரு முடிவும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் நின்றிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது: நான் விழுகிற பள்ளம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்று

மனதில் உள்ளதையெல்லாம் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். எடை, கடன், ஆங்கிலம், வண்டி ஓட்டக் கற்பது, அம்மாவை அடிக்கடிப் போய்ப் பார்ப்பது, எதுவாக இருந்தாலும். பிறகு ஒன்றைத் தவிர மற்றவற்றை அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றின் முறை வரும்.

எதை வைத்துக்கொள்வது? எது நகர்ந்தால் மற்றவையும் கொஞ்சம் நகருமோ அதை. இரவு பன்னிரண்டரை வரை கைப்பேசி பார்க்கிறவருக்குக் காலை நடையும் நடக்காது, படிப்பும் ஏறாது. அவருடைய முதல் இலக்கு பத்தரைக்குப் படுப்பதாக இருக்கலாம். மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்குகிறவருக்கு வேறு எதையும் யோசிக்க மனம் ஓடாது. அவருக்குக் கடன்தான் முதலில்.

இந்த இலக்கு யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாரோ “என்ன, குண்டாகிவிட்டாய்?” என்று கேட்டதற்காக எடுத்த முடிவு, அந்தக் கோபம் ஆறியதும் ஆறிவிடும். தனக்கு வலித்த இடத்திலிருந்து வந்த முடிவு நிற்கும்.

இன்னொரு நுட்பம், எழுதும் விதம். ஸ்வீடனில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஓராண்டு பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒன்றை ‘செய்வேன்’ என்று இலக்கு வைத்தவர்களில் 58.9 சதவீதம் பேரும், ஒன்றை ‘விடுவேன், தவிர்ப்பேன்’ என்று வைத்தவர்களில் 47.1 சதவீதம் பேரும் தாங்கள் வென்றதாகக் கூறினார்கள். ‘இனிப்பு சாப்பிடமாட்டேன்’ என்று எழுதுவதைவிட ‘நாலு மணி டீயோடு சுண்டல் சாப்பிடுவேன்’ என்று எழுதுங்கள். விட வேண்டிய ஒன்றின் இடத்தில் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஆசையை, கை செய்யும் வேலையாக மாற்றுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ‘சர்க்கரையைக் குறைப்பது’ என்பது நம் கை செய்யும் வேலை கிடையாது. அது உடம்பு தரும் விளைவு. ‘அரசு வேலை வாங்குவது’ நம் கையில் பாதிகூட இல்லை. நாம் செய்யக்கூடியது எது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

சர்க்கரையில் தொடங்குகிறேன். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட வேக நடை என்றால் கணக்கு சரியாகிவிடும். நான் போட்டிருந்த ஒரு மணி நேரம் எங்கிருந்தும் வந்ததில்லை, ஒரு வேகத்தில் எழுதியது. பலனைத் தினமும் ஊசி குத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஹெச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று எடுத்தால் போதும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து.

அடுத்தது நகைக்கடன். நம் வீடுகளில் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கடன் இதுதான், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடுகிறேன். 1,20,000 ரூபாய்க்கு நகை அடகில் இருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் வட்டி 14,400 ரூபாயைக் கட்டி நகையைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறோம். அடுத்த ஆண்டும் அசல் அப்படியே 1,20,000. பத்து ஆண்டு இப்படிச் செய்தால் 1,44,000 ரூபாய் வட்டி போயிருக்கும், நகை இன்னும் வங்கியில்தான் இருக்கும்.

‘இந்த வருடம் நகையை மீட்பேன்’ என்பது ஆசை. ‘ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாள், அசலில் 10,000 ரூபாயும் அந்த மாத வட்டியும் கட்டுவேன்’ என்பது வேலை. முதல் மாதம் வட்டி 1,200, அடுத்த மாதம் 1,100, இப்படிக் குறைந்து கடைசி மாதம் 100. மொத்த வட்டி 7,800 ரூபாய். டிசம்பரில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மாதம் 5,000-தான் முடியும் என்றாலும் தயங்காதீர்கள்: ஆண்டு முடிவில் அசல் 60,000 ஆகியிருக்கும், வட்டி 11,100 ரூபாயோடு நிற்கும். ஜனவரி முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய், அசலைப் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதித்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் அந்தத் தொகையை 12 மாதத் தொடர் வைப்பில் போடுங்கள். கையில் வைத்திருந்தால் ஏதாவது ஒரு விசேஷத்துக்குக் கரைந்துவிடும்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அவற்றில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பிடப்படாது. எத்தனை பேர் எழுதுவார்கள், தரவரிசை எங்கே நிற்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடநூல்களில் நாளுக்கு ஒரு பாடம், அன்றைக்கே பத்துக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாள் என்பது நம் கையில் இருக்கிறது. நோட்டில் அதை மட்டும் எழுதுங்கள்.

நான்காம் படி: நாளில் ஓர் இடம்

ஜெர்மனியின் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் மாணவர்களிடம், பண்டிகைக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், ‘எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள்?’ என்று கூடுதலாகக் கேட்டுக் குறித்துவைக்கச் சொன்னார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதி அனுப்பினார்கள். இடமும் நேரமும் குறித்தவர்களில் அனுப்பியவர்கள் முக்கால் பங்கை நெருங்கினார்கள். பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது இன்னும் உறுதி. எத்தனை மணிக்கு விழித்தாலும் பால் வரும், காப்பி குடிப்போம், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவோம். ‘மகளை வேனில் ஏற்றிவிட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பூங்கா வரை நடப்பேன்’ என்று நான் எழுதிக்கொண்டேன். நடைக்கு உரிய செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வேனுக்கே போவேன். வீட்டுக்குள் ஒரு முறை திரும்பினால் செய்தித்தாள், பிறகு குளியல், பிறகு அலுவலகம் என்று போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வாக்கியத்தை இப்படியே எழுதுங்கள்: இன்னது முடிந்ததும், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன். எழுதியதைப் படிக்கும்போது அந்த இடம் கண்முன் வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் ஆசையாகவேதான் இருக்கிறது.

ஐந்தாம் படி: கெட்ட நாளுக்கு ஒரு குறைந்த அளவு

காய்ச்சல், பயணம், துக்க வீடு, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நாள். இவை வரும். முப்பது நிமிடம் முடியாத அன்று எவ்வளவு என்பதை நல்ல நாளிலேயே முடிவுசெய்து வையுங்கள். என் குறைந்த அளவு, தெருமுனை வரை போய்த் திரும்புவது, ஏழு நிமிடம். படிப்பவருக்கு ஒரு பக்கம். அளவு குறைந்தாலும் நாளில் அந்த இடம் வேறொன்றுக்குப் போய்விடாமல் காப்பாற்றப்படுகிறது.

ஆறாம் படி: நம் ஊர் ஆண்டை விரித்துப் பாருங்கள்

வேறு நாட்டுக்காரர்கள் எழுதிய திட்டங்கள் நமக்குப் பொருந்தாமல் போகும் இடம் இது. நம் ஆண்டுக்கு ஒரு தனி நடை இருக்கிறது. மாதக் காலண்டரை மேசையில் விரித்து, இலக்கு எங்கெல்லாம் இடறும் என்று பென்சிலால் குறியுங்கள்.

முதல் இடறல் இரண்டே வாரத்தில்: பொங்கல். அதனால் நான் ஜனவரி 1 முதல் போகி வரையுள்ள நாட்களை வெள்ளோட்டமாக வைத்துக்கொள்கிறேன். நேரம் ஒத்துவருகிறதா, இடம் சரியா என்று பார்க்க மட்டும் அந்த இரண்டு வாரம். பொங்கல் நான்கு நாளும் குறைந்த அளவு. காணும் பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்துதான் கணக்கு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த மாதம் யாருடைய நேரமும் அவர்களுடையது இல்லை. மே 4 வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மாதக் கடைசி வரை நீடிக்கும். காலை எட்டு மணி நடை அப்போது உடம்புக்கு ஆகாது. ஆறு மணிக்கு மாற்றலாம், அல்லது மாடியிலேயே, வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். ஏப்ரல் கடைசியிலேயே இதை முடிவு செய்துவிட வேண்டும், வெயில் வந்த பிறகு யோசித்தால் ஒரு வாரம் போய்விடும். ஜூனில் பள்ளிக் கட்டணம். கடன் கட்டுகிறவர்கள் அந்த மாதத் தவணையைப் பாதியாக வைத்துக்கொண்டு, முந்தைய மூன்று மாதங்களில் கொஞ்சம் கூட்டிக் கட்டிவிடலாம்.

புரட்டாசி நமக்கு ஒரு வரம். பல வீடுகளில் ஒரு மாதம் முழுக்க அசைவம் கிடையாது. சமையலறையே ஒரு கட்டுக்குள் வந்துவிடும் அந்த மாதத்தில், உணவு சம்பந்தமான இலக்குகளைத் தொடங்கினால் பாதி வேலை தானாக நடந்துவிடும். அடுத்து தீபாவளி, இனிப்பும் செலவும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டங்களில் தொடர்ந்தாற்போல் நாலைந்து நாள் வெளியே கால் வைக்க முடியாது. மழைக்கால மாற்று வழி ஒன்று செப்டம்பரிலேயே கையில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: பால் கணக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள்

கைப்பேசிச் செயலிகள் எத்தனையோ இருக்கின்றன. எனக்குப் பயன்பட்டது சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர். என் அம்மா அதில் பால் கணக்கு எழுதுவார். பால் வந்த நாளுக்கு ஒரு குறியும் கிடையாது. வராத நாளையும் குறைந்த நாளையும்தான் எழுதுவார். மாதக் கடைசியில் கணக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

நானும் அப்படியே செய்கிறேன். நடக்காத நாளின் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: மழை, ஊர், தூக்கம், கல்யாணம், முழங்கால். ஒரு பிப்ரவரியில் என் காலண்டரில் ‘தூக்கம்’ ஆறு இடத்தில் இருந்தது, அவற்றில் ஐந்து திங்களிலோ செவ்வாயிலோ வந்தவை. ஞாயிறு இரவு தாமதமாகச் சாப்பிட்டு, படம் பார்த்துவிட்டுப் படுப்பதன் விளைவு அது. நடையைப் பற்றி ஒன்றும் மாற்றவில்லை. ஞாயிறு இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவந்தேன். மார்ச்சில் அந்தச் சொல் ஒரு முறைதான் வந்தது.

‘முழங்கால்’ என்று இரண்டு முறை வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ‘சலிப்பு’ என்று அடிக்கடி வந்தால் பாதையை மாற்றலாம், அல்லது இலக்கே தவறோ என்று யோசிக்கலாம். காலண்டர் இவ்வளவையும் சொல்லும், உண்மையை எழுதினால்.

எட்டாம் படி: விட்டுப்போன நாளுக்கு மறுநாள்

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1960-இல் அமெரிக்காவின் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் ஒருவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகிறது என்று எழுதியதிலிருந்து பரவிய எண் அது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக இறுகுவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், நடுமதிப்பு 66 நாள் என்று கணக்கிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி மெதுவாகப் படியும். 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் குறை இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை. நார்கிராஸ் 1980-களில் 200 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தபோது, கடைசியில் வென்றவர்களிலேயே 53 சதவீதம் பேர் ஒரு முறையாவது சறுக்கியிருந்தார்கள்; இரண்டாண்டில் சராசரி 14 சறுக்கல். வென்றவர்கள் சறுக்காதவர்கள் என்ற எண்ணம் எத்தனை பேரை வீணாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் ஒரே ஒரு விதி: தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. இரண்டாம் நாள் குறைந்த அளவாவது செய்துவிட வேண்டும். விட்டதைச் சேர்த்துச் செய்கிறேன் என்று ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நடக்காதீர்கள். கால் வலித்து மூன்றாம் நாளும் போகும்.

ஒன்பதாம் படி: ஒரு குருசாமி

நூறு பேருக்கு வாட்ஸ்அப் நிலைத்தகவலில் அறிவிக்க வேண்டாம். வாழ்த்து வந்து குவியும். பிப்ரவரியில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் வாரத்துக்கு ஒரு முறை கேட்பவராக இருக்க வேண்டும், கேட்கும்போது குத்திக்காட்டாதவராக இருக்க வேண்டும். முடிந்தால் அதே பாதையில் முன்பே போனவராக இருக்க வேண்டும். கேட்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஞாயிறு காலை என் மைத்துனர் அழைப்பார். “இந்த வாரம் எத்தனை நாள் மாமா?” அவ்வளவுதான், இரண்டு நிமிடம்.

வீட்டைக் கவனிக்கும் பெண்களைப் பற்றி இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ‘காலையில் அரை மணி நேரம் எனக்காக’ என்று அவர் எழுதினால் போதாது. அந்த அரை மணி நேரத்தில் இட்லிப் பானையை யார் இறக்குவது, சாப்பாட்டுப் பெட்டியை யார் கட்டுவது என்று பெயரோடு எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் சம்மதித்தால்தான் அது திட்டம். என் மனைவி தையல் வகுப்புக்குப் போக முடிவு செய்த ஆண்டு, செவ்வாயும் வியாழனும் இரவுச் சமையல் என் பெயரில் எழுதப்பட்டது. அவர் அந்த ஆண்டு ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

பத்தாம் படி: மாலை கழற்றும் நாளை இன்றே எழுதுங்கள்

48 நாளை ஒரு மண்டலமாகக் கணக்கிடுவது நம் வைத்தியத்திலும் வழிபாட்டிலும் உள்ள வழக்கம். ஆண்டையும் அப்படியே மண்டலங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏழு மண்டலமும் 29 உதிரி நாட்களும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஒவ்வொரு மண்டலம் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காலண்டரைப் பாருங்கள்: எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது, அளவைக் கூட்டலாமா, குறைக்க வேண்டுமா. இரண்டு மண்டலம் தாண்டி முதல் இலக்கு தானாக ஓடத் தொடங்கியிருந்தால், அடுத்த பக்கத்துக்கு மாற்றிவைத்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வேண்டாம்.

இலக்கு நிறைவேறிய மறுநாள் என்ன என்பதையும் இப்போதே ஒரு வரி எழுதுங்கள். நகை வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பத்தாயிரம் எங்கே போகும்? தேர்வு முடிந்த மறுநாள் காலை அந்த மேசையில் என்ன இருக்கும்? எடை குறைந்த பிறகு காலை நடை எத்தனை நாள்?

என் அண்ணனுக்கு அவருடைய குருசாமி கேட்ட கேள்வியும் இதுதான். ஒரு கார்த்திகை முதல் நாள், மாலையைப் போட்டுவிட்டு அவர் கேட்டாராம்: “கழற்றின மறுநாள் காலையில் நாலரைக்கு என்ன செய்வீர்கள் சாமி?” அண்ணனிடம் பதில் இல்லை. 41 நாளும் அதை யோசித்திருக்கிறார். விரத நாட்களிலேயே புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணில் பேசினார். அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரையும் பார்த்துவைத்தார். (தினமும் மது அருந்துகிறவர்கள் விடுவதாக இருந்தால் கட்டாயம் மருத்துவரைப் பார்த்த பிறகே விட வேண்டும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.)

மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினார். மறுநாளும் நாலரைக்குக் குளித்தார். அதே நேரத்தில் விளக்கேற்றினார். டீ குடிக்கப் போனபோது பெட்டிக்கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: “அண்ணாச்சி, மாலை இல்லையே என்று பார்க்காதீர்கள். சித்திரை வரைக்கும் என்னைச் சாமி என்றே கூப்பிடுங்கள்.”

அது நடந்து நான்கு ஆண்டாகிறது. அண்ணாச்சி இன்னும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்.